கரி லாரியும் தேர் வடமும்

லாரி ஓடையில் இறங்கிய அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என் சித்தப்பா மகனுக்கு அன்றைக்குக் காய்ச்சல். அதனால் ஊர்ப் பிள்ளைகளில் அந்த லாரியை முதலில் பார்த்தவன் அவனாகிவிட்டான். இதை அவன் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். ஒரு காய்ச்சலுக்காக நான் ஒருவன்மேல் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை.

பிள்ளைகளே, இப்போது லாரி பள்ளத்தில் இறங்கினால் கொக்கி வைத்த வண்டி ஒன்று வந்து தூக்கிக்கொண்டு போகிறது. நான் சொல்வது இரண்டாவது உலகச் சண்டை நடந்த காலம். பெட்ரோல் கிடைக்காது. லாரிக்குப் பக்கத்தில் ஆளுயர இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரிப்பார்கள். அந்தப் புகையைக் குடித்துத்தான் வண்டி ஓடும். கிளம்புவதற்கு முன்னால் பீப்பாயின் அடியில் இருக்கும் விசிறியைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரி கனிந்தால்தான் இன்ஜின் கண்ணைத் திறக்கும்.

பெரம்பலூர்ப் பக்கமிருந்து கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு அரியலூர் ரயிலடிக்குப் போன லாரி அது. எங்கள் ஊருக்கு மேற்கே ரோடு ஓடைக்குள் இறங்கி ஏறும். பாலம் கிடையாது. கரிசல் மண். முதல் நாள் பெய்த மழையில் அது களியாகக் கிடந்தது. பின்சக்கரங்கள் பாதிக்குமேல் உள்ளே போய்விட்டன. டிரைவர் ஜாக்கி வைத்துத் தூக்கப் பார்த்தார். லாரி மேலே வரவில்லை, ஜாக்கிதான் கீழே போனது. மூட்டைகளை மாட்டுவண்டிகளில் மாற்றி அனுப்பிவிட்டு, கிளீனரை முதலாளியிடம் திருச்சிக்கு அனுப்பிவிட்டு, டிரைவர் மட்டும் வண்டிக்குக் காவலாக இருந்தார்.

ஓடைக்குக் கிட்டத்தில் இருந்தது எங்கள் வீடு. அதனால் அவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். மதியம் வந்து வாசல் பந்தலில் உட்காருவார். காக்கிச் சட்டை, வாரிய தலை, சிரித்த முகம். மதுரைக்குத் தெற்கே ஏதோ ஊர். அவர் எங்கள் ஊருக்குள் வந்ததே திருவிழா மாதிரி இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி பேசிக் காட்டுவார், செட்டியார் கணக்கப்பிள்ளையைத் திட்டுவது மாதிரி பேசிக் காட்டுவார். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். எங்கள் தெருவில் ஆண்பிள்ளை தட்டைத் தொட்டுக் கழுவி யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வந்து நின்றார்கள்.

"வண்டி வெளிய வந்துச்சுன்னா உங்கள்ல ஒருத்தன முன்சீட்டுல ஏத்தி அரியலூரு வரைக்கும் கூட்டிட்டுப் போறேண்டா," என்று சொன்னார். ஒருத்தன்தான். அதைச் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது.

சித்தப்பா மகனும் நானும் ஒரே வயது. ஆனால் அவனுக்குக் கை வேகம். துணியை நனைத்து லாரியின் கண்ணாடியைத் துடைத்தான், விளக்கைத் துடைத்தான், கேட்காமலே கரி அள்ளிக்கொண்டு வந்தான். டிரைவர் தினமும் இன்ஜினை ஒரு தடவை கிளப்பிப் பார்ப்பார். அப்போது விசிறியைச் சுற்றும் வேலையை அவனுக்கே கொடுத்துவிட்டார். நான் காலையில் கம்பங்கூழைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டு நிற்பேன். அவன் சுற்றுவான். பீப்பாயிலிருந்து புகை வரும். எனக்கு வயிற்றிலிருந்து வந்தது.

"கூழு எங்க வூட்டுது. சுத்துறது நீயாடா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"கூழு ஊத்துனா வண்டி ஓடாது, கரிதான் போடணும்," என்றான் அவன். டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அவனுக்கு மன்னிக்கவே இல்லை.

யாரிடம் முறையிடுவது? அப்பாவிடம் போனேன். அப்பா அதிகம் பேசாதவர். அவர் வயலிலிருந்து திரும்பி வெற்றிலை போடும் நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து புகாரை ஆரம்பித்தேன்.

"இன்னிக்கும் அவனத்தாம்ப்பா சுத்தச் சொன்னாரு."

"ம்."

"நம்ம வூட்டுலதான சாப்புடுறாரு? எனக்குத்தான குடுக்கணும்?"

"மத்தியானம் சாப்புட வந்தானா?"

"வந்தாரு."

"யாரு போட்டா?"

"அம்மாதான். ஸ்டேஷன் மாஸ்டர் மாரி பேசிக் காட்டுனாருப்பா. அம்மாவுக்குச் சிரிச்சு சிரிச்சுப் பொரையேறிப் போச்சு."

அப்பா வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

"அது கெடக்கட்டும்ப்பா, அந்த விசிறி..."

"விசிறிய விடுடா. அப்புறம் என்ன சொன்னான்?"

"அக்கா, இந்தக் கத்திரிக்காக் கொழம்புக்கே வண்டி இன்னும் பத்து நாளு இங்கயே கெடக்கலாம்னாரு."

அப்பா எழுந்து போய் வெற்றிலையைத் துப்பினார். பாதி மென்ற வெற்றிலையை அவர் துப்பி நான் பார்த்ததில்லை. என் கஷ்டம் அவரை எவ்வளவு பாதித்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு அவரே மாலையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிக்க ஆரம்பித்தார். நான் சித்தப்பா மகனைப் பற்றிச் சொல்வேன். அவர் நடுநடுவே மற்றதையும் கேட்டுக்கொள்வார்.

எங்கள் காளைகளை அப்பா யாருக்கும் இரவல் தரமாட்டார். கூடப்பிறந்த சித்தப்பா ஏருக்குக் கேட்டபோதே, "கால் நோவுது," என்று சொல்லிவிட்டார். காளைக்கா தமக்கா என்று சொல்லவில்லை. அப்படிப்பட்டவர் ஒரு நாள் விடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் போனார். "பாவம், ஊருவிட்டு ஊரு வந்த பிள்ள. எத்தினி நாளைக்கு இங்கயே கெடப்பான்? மாட்டப் பூட்டுங்க, இழுத்து வுட்டுருவோம்," என்றார். ஊரே அசந்துபோனது. எனக்குத் தெரியும், எல்லாம் எனக்காகத்தான் என்று. வண்டி வெளியே வந்தால்தானே நான் முன்சீட்டில் ஏற முடியும்?

ஏழெட்டு ஜோடி மாடு வந்தது. லாரியின் மூக்கில் சங்கிலியைக் கட்டி, ஒரு ஜோடிக்கு முன்னால் ஒரு ஜோடியாகப் பூட்டினார்கள். ஒவ்வொருவரும் தன் மாட்டைத் தன் பாஷையில் விரட்டினார்கள். ஒரு ஜோடி இழுக்கும்போது இன்னொரு ஜோடி சும்மா நின்றது. "நானும் இன்ஜினப் போட்டுக் குடுக்கறேண்ணே," என்று டிரைவர் உள்ளே ஏறினார். சித்தப்பா மகன் சுற்றினான். இன்ஜின் படார் என்று ஒரு வெடி வெடித்துக் கிளம்பியது. அவ்வளவுதான். முன்னால் இருந்த ஜோடிகள் பூட்டாங்கயிற்றை அறுத்துக்கொண்டு நாலு திசையிலும் ஓடின. எங்கள் காளைகள் இரண்டும் நுகத்தடியோடு சோளக்கொல்லைக்குள் புகுந்தன. அப்பா பின்னாலேயே ஓடினார். வேட்டி சோளத்தட்டையில் மாட்டிக்கொண்டது.

கரையில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற அம்மா சிரித்துவிட்டாள். எல்லோரும்தான் சிரித்தார்கள். டிரைவர்கூட இறங்கி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா கொல்லைக்குள்ளிருந்து அம்மாவை மட்டும் பார்த்தார்.

காளைகளைக் கட்டிவிட்டு அவர் நேரே கோயில் தர்மகர்த்தா வீட்டுக்குப் போனார். நானும் கூடவே ஓடினேன். தேர் வடத்தைக் கேட்டார்.

"தேரு வடத்த லாரிக்குக் கட்டறதா? என்னய்யா பேசற? சாமி கோச்சுக்காதா?" என்றார் தர்மகர்த்தா.

"சாமி ஒரு நாளு பொறுத்துக்குமுங்க. என்னால பொறுக்க முடியாது," என்றார் அப்பா.

தர்மகர்த்தா எழுந்து மாடத்தில் சாவியைத் தேடினார். பிறகு, "வெளியூருக்காரன் கஷ்டத்துக்கு இப்படித் துடிக்கிறவன் இந்தக் காலத்துல யாரு இருக்கா," என்று சொல்லிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

ஆள் தொடை கனத்துக்கு இருக்கும் அந்த வடம். அதைத் தோளில் சுமந்து வரவே வரிசையாக ஆட்கள் வேண்டியிருந்தது. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் தங்கள் கட்டைகளோடு வந்தார்கள். தேரைப் பின்னாலிருந்து உந்தும் நெம்புமரங்களும் வந்தன. பின்சக்கரத்துக்கு அடியில் களியை வெட்டி எடுத்துவிட்டு, புளியங்கிளையும் வைக்கோலும் பனஞ்சட்டமும் போட்டார்கள். மாடு வேண்டாம், இன்ஜினும் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். டிரைவர் ஸ்டியரிங்கை மட்டும் நேராகப் பிடித்துக்கொண்டால் போதும். ஊர் வடத்தைப் பிடித்தது. மாடுகளுக்குத் தெரியாதது மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது. வருஷா வருஷம் தேர் இழுத்த கைகள். ஒரே குரலுக்கு ஒரே மூச்சில் சாய்ந்தன. நெம்புமரம் பின்னால் தூக்கியது. சக்கரம் ஒரு சாண் ஏறியது. உடனே கட்டை போட்டார்கள். மறுபடியும் ஒரு சாண்.

கரையில் பாதி ஏறும்போது பனஞ்சட்டம் வழுக்கி லாரி பின்னால் நழுவியது. ஐயோ என்று பெண்கள் கத்தினார்கள். அப்பா இடுப்பளவு சேற்றில் குதித்து, லாரியின் பின்பலகையில் தோளைக் கொடுத்து நின்றுவிட்டார். "இழுங்கடா! இன்னிக்கு இது போயே ஆவணும்! இழுங்கடா!" என்று அவர் கத்திய கத்தல் எனக்கு இன்றும் கேட்கிறது. அம்மா குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து வடத்தைப் பிடித்தாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் பிடித்தார்கள். கட்டை விழுந்தது. அடுத்த இழுப்பில் லாரி மேட்டில் ஏறி நின்றது.

ஊர் அப்பாவைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. சித்தப்பாவே வந்து, "அண்ணன் மனசு யாருக்கு வரும்," என்றார். டிரைவர் கண்கலங்கி அப்பாவின் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்."

"சரி சரி. இருட்டறத்துக்குள்ள கெளம்பு."

"அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு..."

"நான் சொல்லிக்கறேன்."

சித்தப்பா மகன் விசிறியைச் சுற்றி முடித்துவிட்டு வந்து நின்றான். நானும் நின்றேன். என் நெஞ்சு இன்ஜினைவிடப் பலமாக அடித்துக்கொண்டது. டிரைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உப்புப் போட்ட வூட்டுப் பிள்ள. அக்கா மவன் நீ ஏறுடா," என்றார்.

என்னையேதான் சொன்னார். சித்தப்பா மகனின் முகம் கறுத்ததைக்கூடப் பார்த்துவிட்டேன். படியில் ஒரு காலை வைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"இவன் வரமாட்டான். நம்ம வூட்டுலேருந்து யாரும் வரல. நீ போ," என்றார் அப்பா.

சித்தப்பா மகன் என்னைத் தாண்டி ஏறிக்கொண்டான். போகும்போது ஹாரனையும் அமுக்கினான். அந்தச் சத்தம் ரோடு திரும்புகிறவரை கேட்டது. நான் தரையில் புரண்டு அழுதேன். எனக்காக ஊரையே திரட்டி லாரியை வெளியே எடுத்தவர், ஏற்றிவிடும் நேரத்தில் ஏன் இழுத்துப் பிடித்தார்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அப்பா வண்டி கட்டினார். "அரியலூருக்குப் போவோம், வாங்க," என்றார். அம்மாவையும் ஏறச் சொன்னார். கல்யாணம், கருமாதி தவிர அம்மாவை அவர் எங்கும் கூட்டிக்கொண்டு போய் நான் கண்டதில்லை. சரி, என்னைச் சமாதானப்படுத்தத்தான் இத்தனையும், துணைக்கு அம்மா வருகிறாள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அப்பா ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு தடவை யாரையோ போலக் குரலை மாற்றிப் பேசிக் காட்டினார். யாரென்று எனக்கு விளங்கவில்லை. அவ்வளவு மோசமாக இருந்தது.

கடைத்தெருவில் வண்டியை நிறுத்தினார். ஒரு பந்து கிடைக்கும், ஒரு தகர லாரியாவது கிடைக்கும் என்று இறங்கினேன். அவர் நேராக வளையல் கடைக்குப் போய் அம்மாவை உட்காரவைத்தார். கடைக்காரர் பச்சையை எடுத்தால், "அது வேணாம், அந்தச் செவப்பக் காட்டுங்க," என்றார். இரண்டு கை நிறையப் போடச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"லாரில போவாம போனது நான்தானப்பா? அம்மாவுக்கு எதுக்கு வளையலு?"

"சும்மா இருடா," என்று அப்பா வளையல் பெட்டிக்குள் குனிந்துகொண்டார்.

அம்மா சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் இரண்டும் குலுங்கிக் குலுங்கி ஓய்ந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்காக அழுவதற்கு அவள் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று அப்போதுதான் என் மனம் கொஞ்சம் ஆறியது.