அத்தா விட்ட நோன்பு

சில வருஷங்களுக்கு முன்பு, கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில், ஒரு ரமலான் மாதத்தில் நடந்தது இது. அப்போது என் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். படித்தாள் என்று சொல்வதைவிட உயிரோடு இருந்தாள் என்று சொல்லலாம், அவ்வளவு மோசம்.

ஹாஸ்டலில் யாரோ குண்டு என்று கேலி செய்ததில் ஆரம்பித்தது. முதலில் சோற்றைக் குறைத்தாள், பிறகு விட்டே விட்டாள். வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மாதவிலக்கு நின்றுபோனது. கண்ணு பட்டிருக்கு என்று ஓதிப் பார்த்தோம், தாயத்துக் கட்டினோம். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் வாயில் திணித்தும் பார்த்தேன். அப்படியே துப்பிவிட்டாள். ஒரு காலையில் குளியலறையில் மயங்கி விழுந்த பிறகுதான், இது மனசில் வந்த நோய் என்று டாக்டர் சொல்லி, சிதம்பரத்தில் ஒரு கவுன்சலரிடம் அனுப்பினார்.

வாராவாரம் பஸ்ஸில் போவோம். அந்தம்மா எங்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: “பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருக்காதீங்க. நீங்களும் அவகூட சாப்பிடுங்க. சாப்பாட்டைப் பத்தி, உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. வேற எது வேணா பேசுங்க.” சும்மா இருக்கத் தெரியாத எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? ஆனாலும் வாயைக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையெல்லாம் பேசிப் பேசிச் சாப்பிட வைத்தேன். மெல்ல மெல்ல இட்லி இறங்கியது, பிறகு கொஞ்சம் சோறு. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விடும்போது நோன்பு வந்துவிட்டது.

இவள் நோன்பு பிடிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோயாளிக்கு மார்க்கத்திலேயே அனுமதி உண்டு என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொன்னார். ஆனால் வீட்டில் எல்லாரும் நோன்பாளிகள். பகலில் இவளோடு யார் சாப்பிடுவது? நான் வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டைத் தள்ளிவிட்டாள். அடுத்தடுத்த நாளும் அதே கதைதான். அந்த வாரம் எடை மறுபடி இறங்கியது. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டியிருக்கும் என்றார்கள்.

அன்று மதியம் என்னால் அடக்க முடியவில்லை. “டாக்டர் சொன்னதைக் கேக்க மாட்டியாடி?” என்று கத்திவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அத்தாவுக்கும்தான் டாக்டர் நோன்பு வேணாம்னாரு. அவுங்க கேட்டாங்களா?”

அவள் அத்தாவுக்கு, அதாவது என் கணவருக்கு, சர்க்கரை ஜாஸ்தி, இன்சுலின் ஊசி போடுகிறவர். நோன்பு பிடிக்காதீர்கள் என்று டாக்டர் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். இவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு நோன்புகூட விட்டதில்லை என்பதுதான் ஜமாஅத்தில் அவருக்கு இருந்த ஒரே பெருமை. ஊசி போடுவதை வெளியில் யாருக்கும் சொன்னதும் கிடையாது. நான் சண்டை போட்டுச் சலித்துப்போனவள். அன்று அவர் மதியத் தொழுகையான ளுஹர் தொழுதுவிட்டு உள்ளறையில்தான் படுத்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது.

மறுநாள் மதியம் கடையிலிருந்து வந்தவர், கை கழுவிவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். “எனக்கும் ஒரு தட்டு வை” என்றார்.

“நோன்பு?”

“பிடிக்கல. எனக்கும் டாக்டர் சொல்லியிருக்காருல்ல.”

சோற்றைப் பிசைந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்தவருக்கு விழுங்க முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. எந்தச் சாவுக்கும் அழுது நான் பார்த்திராத மனுஷன்! மகள் அவரையே பார்த்தாள். “அத்தா, முழுங்குங்க அத்தா” என்றாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். பிறகு தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தாள். இவர் ஒரு வாய், அவள் ஒரு வாய். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு தினமும் கடையை அடைத்துவிட்டு வந்தார். ஒரு நாள் என் சித்தி மகள் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிட்டாள். அவள் வாயில் விழுந்தால் தெரு முழுக்கப் பரவும். தட்டும் கையுமாக இருந்தவரைப் பார்த்து, “என்னா மச்சான், நோன்பு இல்லியா?” என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தட்டை மறைக்கவில்லை. “இல்லம்மா. எனக்கு சுகர். ஊசி போட்டுக்கிறேன். நோன்பு பிடிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு அடுத்த வாய் எடுத்தார்.

அவள் பார்வை மகள் பக்கம் திரும்பியது. நான் ஏதோ சொல்லிச் சமாளிக்க வாயெடுப்பதற்குள் மகளே சொன்னாள்: “எனக்கும் ஒடம்பு சரியில்ல சின்னம்மா. சாப்பிட முடியாத நோய். சிதம்பரத்துல ட்ரீட்மென்ட் எடுக்குறேன்.”

அதுவரை “எனக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றே எல்லாரிடமும் சாதித்தவள் அவள். நோய் என்ற வார்த்தை அன்றுதான் அவள் வாயிலிருந்து வந்தது. கவுன்சலரிடம் சொன்னபோது அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இதுக்குத்தான் காத்திருந்தேன்” என்றார்.

உடனே குணமாகிவிடவில்லை. நடுவில் சறுக்கியது, ஆஸ்பத்திரியிலும் சில நாள் இருந்தாள். இப்போது வேலைக்குப் போகிறாள். மனசு சரியில்லாத நாட்களில் இன்னமும் தட்டின் முன்னால் திணறுகிறாள். அந்த நாட்களில் அவளே அத்தாவுக்கு போன் போட்டு, சாப்பிட வரச் சொல்கிறாள். என் கணவர் ஆயுசு முழுக்கப் பிடித்த நோன்புகளை அல்லாஹ் எப்படி ஏற்றுக்கொள்வானோ அது அவனுக்கே தெரியும். எங்கள் பிள்ளைக்காக அவர் விட்ட நோன்புகளை முதலில் ஏற்றுக்கொள் ரப்பே என்றுதான் ஒவ்வொரு துஆவிலும் நான் கையேந்துகிறேன்.