அசஹான் ஓடையில் ஒரு தட்டைப் பூச்சி

நான் டிரவுட் மீனை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த மீனுக்கான தூண்டில் ஈக்களைக் கட்டி விற்பதுதான் ஆறு மாதமாக என் தொழில். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, மலேசியாவின் மெலாக்காவில், தஞ்சோங் கிளிங் வீட்டில் உட்கார்ந்து, கொக்கியில் நூலும் இறகும் சுற்றி நீர்ப்பூச்சிகளைப் போலச் செய்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் ஸ்காட்லாந்து வாடிக்கையாளர் ஒருவர் ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பினார். அழகாக இருக்கின்றன, மீன்தான் தொடவில்லை, இந்தப் பூச்சியை உயிரோடு பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். பார்த்ததில்லை. அதே வாரம் பழைய சூப்பர்வைசர் அழைத்து, திரும்பி வருவதானால் திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொன்னார். அதனால்தான் சனிக்கிழமை காலை, பூச்சியை உயிரோடு பார்க்க, அசஹான் ஓடைக்கு இந்தப் பயணம்.

கணவர் குணாவுக்குச் சுங்கை ஊடாங்கில் ஷிஃப்ட் வேலை. அன்று அவருக்கு விடுமுறை.

"படம்தான் இத்தனை வச்சிருக்கியே லா, அது பத்தாதா?" என்றார்.

"படத்தைப் பார்த்துக் கட்டுனதுதானே திரும்பி வந்துச்சு."

அவர் கார் சாவியை எடுத்தார்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஜாசின் வழியாக ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஜாசினில் ரொட்டி சானாய், தே தாரிக் என்ற பால் தேநீர், இருவருக்கும் சேர்த்துப் பதினோரு ரிங்கிட். அதைத் தாண்டினால் இருபுறமும் செம்பனைதான், பிறகு லேடாங் மலை தெரியத் தொடங்கும். எட்டே முக்காலுக்கு அருவியடிவாரம் சேர்ந்தோம்.

மெலாக்காவில் டிரவுட் கிடையாது, தண்ணீர் அதற்குக் குளிர் போதாது. ஆனால் டிரவுட் தின்னும் கேடிஸ், ஸ்டோன்ஃப்ளை, மேஃப்ளை என்ற மூன்று முக்கியப் பூச்சிக் கூட்டங்களின் உறவினங்கள் இங்கேயும் கற்களுக்கடியில் வாழ்கின்றன. ஓடையில் இறங்கிக் கற்களைத் திருப்பிப் பார்த்தோம். முதலில் கிடைத்தது கேடிஸ். மணல் துகள்களை ஒட்டிச் செய்த கூட்டுக்குள் இருந்ததால் அடையாளம் காண்பது சுலபம். அடுத்து ஸ்டோன்ஃப்ளை. இரண்டு வால், கால் முளைக்கும் இடத்தில் பஞ்சு போன்ற செவுள்.

மூன்றாவதாக ஒரு கல்லைத் திருப்பியபோது அதில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்று பக்கவாட்டில் நழுவியது. தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் விட்டோம்.

"ரெண்டு வால். இதுவும் ஸ்டோன்ஃப்ளைதான்," என்றார் குணா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் செவுள்கள் வயிற்றின் இருபுறமும் இலை இலையாக அசைந்தன. ஒவ்வொரு காலிலும் ஒரே நகம், ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு. "இல்லீங்க, மேஃப்ளை. மூணு வால்தான் இருக்கணும்னு இல்ல, சிலதுக்கு ரெண்டுதான்."

நான் கட்டி அனுப்பியதும் மேஃப்ளையின் குஞ்சுப் பருவத்தைத்தான். தட்டைக் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பக்கவாட்டில் பார்த்தேன். பூச்சி கிட்டத்தட்டக் காணாமல் போனது. அவ்வளவு தட்டை! என்னிடமிருந்த படங்களெல்லாம் மேலிருந்து எடுத்தவை. அவற்றைப் பார்த்து நான் குச்சி மாதிரி உருண்டையாகக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கொஞ்சம் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அப்போது கரையில் பானம் விற்கும் அண்ணன் கத்தினார். "தங்கச்சி! தண்ணி கலங்குது பாருங்க! ஏறுங்க, ஏறுங்க!"

எங்கள் தலைக்குமேல் வெயில். ஆனால் ஓடையில் சருகுகளும் சுள்ளிகளும் வரத் தொடங்கியிருந்தன, மலைமேல் மழை. நான் கரையோரம் நின்றதால் ஏறிவிட்டேன். குணா நடு ஓடையில் ஒரு பாறைமேல் இருந்தார். கரைக்கு வராமல், நான் கல்மேல் விட்டுவந்த தட்டை நோக்கித் திரும்பினார்.

"தட்டு கெடக்கட்டும்! வாங்க!" என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவர் தாவினார். வழுக்கி முட்டியில் அடி. அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்துப்போட்டார். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே பழுப்புத் தண்ணீர் அந்தப் பாறையை மூடியது. தட்டும் பூச்சியும் போயின.

"நல்லா தேடுனீங்க பூச்சி," என்று அண்ணன் ஆளுக்கொரு சிராப் பானம் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அன்று மாலையே கொக்கியின் இருபக்கமும் ஈயமில்லாத கம்பி வைத்து, குறட்டால் நசுக்கி, தட்டையாக ஒன்று கட்டினேன். குணா முட்டியில் மருந்து போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப கல்லுல ஒட்டும் போல இருக்கு," என்றார். ஸ்காட்லாந்துக்கு அதை அனுப்பிப் பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் வரவில்லை என்று சொன்னேன். சில வாரம் கழித்துப் பதில் வந்தது: இரண்டு மீன் கடித்தன, வால் இன்னும் தடிமன், குறைத்து அனுப்பவும்.

போக நினைப்பவர்களுக்கு: வானத்தை மட்டும் நம்பாதீர்கள், மலைமேல் மழையா என்று கடைக்காரர்களிடம் கேளுங்கள். தண்ணீர் நிறம் மாறினாலோ சருகு அதிகமானாலோ உடனே ஏறுங்கள். சாமானுக்காகத் திரும்பாதீர்கள். வாலை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள், தொட்டால் முறியும். செவுளையும் நகத்தையும் பாருங்கள், பக்கவாட்டிலும் பாருங்கள். பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, அடிப்பக்கம் அடியிலேயே இருக்கும்படி வையுங்கள். அங்கே குடியிருப்பவை நம்மை அழைக்கவில்லை.