ஓவர் சொல்லிவிட்டுக் காத்திருப்பது

சிகந்திராபாத்தை ஒட்டி, பாலாநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் விமானங்களுக்கான ரேடியோ செட்டுகளைப் பரிசோதிப்பது என் வேலையாக இருந்தது. செட் தயாரானதும் அதன் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்திப் பேசுவேன். அடுத்த அறையில் ஒருவர் கேட்டுப் பதில் சொல்வார். அவ்வளவுதான். இதற்குச் சம்பளம் தந்தார்கள், இப்போது பென்ஷனும் தருகிறார்கள். வெறுமனே பேசிக்கொண்டிருப்பதற்கு அரசாங்கம் காசு கொடுப்பது மந்திரிகளுக்கும் உங்களுக்கும்தான் என்று என் மனைவி சொல்வாள்.

அந்த மாதிரி செட்டில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேச முடியாது. பேசி முடித்தவன் 'ஓவர்' சொல்லிப் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுக்க வேண்டும். அப்போதுதான் எதிர்க்குரல் வரும். பதில் வராவிட்டால் சத்தத்தைக் கூட்டி மறுபடியும் கூப்பிட வேண்டும். மௌலா அலியில் எங்கள் வீடும் இந்த விதிப்படிதான் நடந்தது. மகனுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து சமையலறையில் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, தோசை தயார், ஓவர் என்பேன். குளியலறையிலிருந்து, இன்னும் சோப்பு போகல, ஓவர் என்று பதில் வரும். என் மனைவி மட்டும் கடைசிவரை இந்த அலைவரிசையில் சேரவில்லை.

அவன் ராணுவத்தில் சேர்ந்து, அங்கேயும் சிக்னல் பிரிவுக்கே போனபோது, காலனியில் நான் பேசாத ஆள் கிடையாது. நானே எல்லையில் நிற்பதுபோல் மீசையைக்கூட முறுக்கிப் பார்த்தேன். நான் கண்ட ஒரே போர் கேண்டீன் வரிசையில் கடைசி வடைக்காக நடந்தது. அதிலும் தோல்விதான்.

எல்லையில் சண்டை முடிந்து அவன் நீண்ட விடுப்பில் வந்தான். சிகந்திராபாத் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கியவனை நானும் என் மனைவியும் தலையிலிருந்து கால்வரை பார்த்தோம். எல்லாம் இருந்தது. எங்கள் ஊர் வேலூர் பக்கம். அங்கே தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்தான். போன் செய்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கை கால் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றதும், அப்புறம் என்ன, பெண் பார்க்க வேண்டியதுதானே என்று வைத்துவிட்டார்கள்.

அவன் கட்டிலில் படுக்கவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தரையில் படுத்தான். பகலில் சுவரில் முதுகை ஒட்டி, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். பக்கத்து ரயில்வே யார்டில் பெட்டிகள் இடித்துக் கோத்துக்கொள்ளும் சத்தம் கேட்டால் போதும், கையிலிருக்கும் டீ தரையில் இருக்கும். என் மனைவி குக்கரைப் பரணில் போட்டுவிட்டாள். விசில் இல்லாமல் பானையில் சோறு வடித்தாள். நான் அதைப் பற்றி ஒரு ஜோக் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அவனுடைய மேலதிகாரி எனக்கே போன் செய்தார். விடுப்பு முடிவதற்குள் ராணுவ மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பார்த்து அவன் வாய் திறந்து பேசியாக வேண்டும், இல்லையென்றால் இது இன்னும் உள்ளே போய்விடும் என்றார். அவனிடம் சொன்னேன். "நக்கோப்பா" என்றான். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்ச் சொல். எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் அந்த ஒரு சொல்தான்.

அப்போதுதான் ஒரு காலையில் எனக்கு மூளை வேலை செய்தது. பழைய விளையாட்டை எடுத்தால் பையன் பழைய ஆளாகிவிடுவான் என்று நினைத்தேன். கரண்டியை எடுத்து, கன்ட்ரோல் ரூம் பேசுகிறது, ஊத்தப்பம் ஆறுகிறது, எங்கே இருக்கிறீர்கள், ஓவர் என்றேன். பதில் இல்லை. தொழில் பழக்கம் விடுமா? சத்தத்தைக் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன். என் மனைவி ஓடிவந்து கரண்டியைப் பிடுங்கினாள்.

அவன் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் குந்தியிருந்தான். இடது கை காதைப் பொத்தியிருந்தது. வலது கைக் கட்டைவிரல் காற்றில் எதையோ அழுத்தியது, விட்டது, மறுபடியும் அழுத்தியது. அது என்ன பொத்தான் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் கட்டைவிரலில் அதன் காய்ப்பு இன்னும் இருக்கிறது.

"கொஞ்ச நாளைக்கு வாய மூடிக்கினு இருங்க" என்றாள் அவள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

மூடிக்கொண்டேன். என்னைப் போன்றவன் வாயை மூடுவது சாதாரணமாகவா இருக்கும்? பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் எனக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று நினைத்து மிளகுக் கஷாயம் கொண்டுவந்தார். விளக்கம் சொல்லப் பேச வேண்டுமே என்று குடித்துத் தொலைத்தேன். வீட்டில் சைகையில் உப்பு கேட்டேன். கால் தேய்க்காமல் நடந்தேன். என் உடம்புக்கு அது பெரிய சாதனை. நான் நல்லதுதான் செய்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் அவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். அவன் சுவரோரமாக, நான் எதிரே பேப்பரோடு. திடீரென்று அவனே பேசினான்.

"கைக்குப்பா நீ பேசவே மாட்டேன்ற?"

'ஏன்' என்பதற்கும் அவனுக்கு இந்த ஊர்ச் சொல்தான்.

"நீ சும்மா இருந்தா பயமா இருக்குப்பா. செட்டுலயும் இப்படித்தான் இருந்துச்சு."

பேப்பரை மடித்து வைத்தேன். அவன் என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துப் பேசினான். மேலே இருந்த காவல் நிலையிலிருந்து அவனுடைய கூட்டாளி கூப்பிட்டிருக்கிறான். எங்கே இருக்கிறாய் என்று இவன் கேட்டிருக்கிறான். "ஓவர்னு சொல்லிட்டு விரல எடுத்தேன்பா. அவ்ளோதான். அப்புறம் ஒண்ணுமே வரல. சத்தமா கூப்ட்டேன். வரல."

கரண்டி பிடித்த அந்தக் காலையில் நான் கத்தியதும் அதே வார்த்தைகள்தான். எங்கே இருக்கிறீர்கள், ஓவர்.

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். மச்சான் சாவுக்குப் போன இடத்திலேயே பந்தலைச் சிரிக்கவைத்து, மனைவியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவன். அன்று ஒன்றும் வரவில்லை. எழுந்துபோய் அவன் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்தேன். தொப்பை மடிந்து மூச்சு முட்டியது. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "நீ வர்றியா?" என்றான்.

போனோம். டாக்டர் அம்மா இந்தியில் மெதுவாகத்தான் கேட்டார். தூக்கம் எப்படி என்றார். தூங்குகிறான், கட்டில்தான் காலியாக இருக்கிறது என்றேன். சாப்பாடு என்றார். அவன் விடுவதை நான் சாப்பிட்டுவிடுகிறேன், வீணாவதில்லை என்றேன். மூன்றாவது கேள்விக்கும் நான் வாயைத் திறக்க, அவர் சிரித்துக்கொண்டே, ஐயா, நீங்கள் விரலை எடுக்கவே மாட்டேன் என்கிறீர்களே என்பதுபோல் ஒரு பார்வை பார்த்து, என்னை வெளியே உட்காரச் சொன்னார். அவருக்கு என் தொழில் தெரிந்திருக்க வழியில்லை. எனக்குத்தான் அப்படித் தோன்றியது.

வெளியே ஒரு பெஞ்ச். கதவை ஒட்டி உட்கார்ந்தேன். இன்னொருவர் குரலைக் காது கொடுத்துக் கேட்டே பிழைத்தவன், எனக்குக் கதவெல்லாம் ஒரு தடையா? உள்ளே அவன் குரல் தொடங்கியது. இரண்டு வார்த்தை பிடிபட்டது. எழுந்து பெஞ்சின் மறுகோடிக்குப் போனேன். அங்கேயும் லேசாகக் கேட்டது. நடைபாதையின் கடைசிவரை போய், ஜன்னலருகே நின்று, வெளியே ஒருவர் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கிளம்பவில்லை. அவர் தள்ளிக்கொண்டு போனார்.

அவன் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"உள்ள பேசினது கேட்டுச்சாப்பா?"

"ஒண்ணும் கேக்கல."

எங்கள் தொழிற்சாலையில் நான் அப்படிச் சொன்னால் அந்த செட்டைப் பழுது என்று ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள். இவன் தலையை மட்டும் ஆட்டினான். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். அடுத்த முறை நான் வீட்டிலேயே இருக்கட்டுமா என்று கேட்டேன்.

"நக்கோப்பா. வெளிய உக்காந்திரு."

போய்க்கொண்டிருக்கிறோம். குக்கர் பரணில்தான் இருக்கிறது. அவன் இன்னமும் தரையில்தான் படுக்கிறான்.