வெயிலில் கிடந்த வலை

நான் காக்கா என்று கூப்பிடும் என் அண்ணன் வாங்கி வந்த நைலோன் வலைக்கு அழிவே இல்லை என்று கல்முனைக் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் கரைக்கு அந்த நூல் புதிது. கடல் தண்ணீரில் கிடந்தாலும் உக்காது. காக்கா அதை நம்பித் தன் பருத்தி வலைகளை மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். இனி அவர் வீட்டுச் சோறு இந்த ஒரு வலையில்தான்.

நான் நெசவு நிலையத்தில் நூல் சோதிக்கும் வேலையில் இருந்தேன். என் கொப்பியில் ஒரு பக்கம் இழைகளின் பெயர்கள். எதிரே, எது எதனால் கெடும் என்பது. பருத்திக்கு ஈரம். பட்டுக்கு வியர்வை. கம்பளிக்குப் பூச்சி. நைலோனுக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

"அதுக்கு மௌத்தே இல்ல புள்ள, சாகாத நூல்," என்றார் காக்கா.

"வானத்து மலக்குகளுக்கும் மௌத்து இரிக்கி. உங்கட வலைக்கு மட்டும் இல்லையோ?"

"உம்மா, இவளோட கதைக்கேலா!" என்று எங்கள் தாயிடம் முறையிட்டார்.

வலையோடு வாங்கி மிஞ்சிய நூலில் மூன்று துண்டு வெட்டினேன். ஒன்றை உப்புத் தண்ணீர்ப் பானையில் போட்டேன். ஒன்றைப் பெட்டகத்தில் வைத்தேன். ஒன்றை வெயில் படும்படி கூரைமேல் கட்டினேன்.

மூன்று மாதம் போனது. பெரிய மீன் படும் காலம் நெருங்கியபோது, வலை சொரசொரப்பாக இருப்பதாகக் காக்காவே சொன்னார். துண்டுகளை எடுத்து வந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பையைத் தொங்கவிட்டு, காக்காவையே தேங்காய்ச் சிரட்டையால் மணல் போடச் சொன்னேன். பெட்டகத்து நூல் இருபது சிரட்டை தாங்கியது. பானையில் கிடந்ததும் ஏறக்குறைய அவ்வளவே. கூரை நூல் பதினொன்றில் அறுந்தது.

காக்கா சிரட்டையைக் கீழே வைத்தார். வலையை நாள் தவறாமல் மணலில் விரித்துக் காயவைத்தவர் அவர். ஈர வலையைச் சுருட்டி வைப்பவனை எங்கள் கரையில் சோம்பேறி என்பார்கள். பருத்தியைக் காப்பாற்றிய பழக்கம் அது.

"அப்ப நான்தானே கெடுத்திரிக்கன்?"

"ஓம் காக்கா. ஆனா வலை முழுக்கக் கெட்டிரிக்காது."

அன்றே இருவரும் வலையைக் கண் கண்ணாக இழுத்துப் பார்த்தோம். விரிக்கும்போது எப்போதும் மேலே கிடந்த ஓரம்தான் நொய்ந்திருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைக் கிடுகுப் பந்தலின் கீழ் தொங்கவிட்டோம். கரையில் கேலி தொடங்கியது.

"என்ன, வலைக்குப் பந்தல் போட்டிரிக்கி? மாப்பிள எப்ப வாறாரு?"

"வந்தா ஒங்களுக்கும் சோறு இரிக்கி, போங்க," என்றார் காக்கா.

மீன் பட்ட நாளில் நானும் கரைக்குப் போனேன். வலை கனத்து வந்தது. இரண்டு கண்கள் விட்டிருந்தன, மற்றதெல்லாம் தாங்கியது. மீனைக் கழற்றி முடித்ததும் ஆட்கள் பழக்க தோசத்தில் வலையை மணலில் விரிக்கப் போனார்கள்.

"டேய், வெயில்ல போடாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினார் காக்கா. கொப்பியில் நைலோனுக்கு எதிரே 'வெயில்' என்ற அந்தச் சொல்லை நான் முன்பே எழுதியிருந்தேன்.