நான்கு நிமிடப் பேச்சு, பதினான்கு நாள் வாய்தா

என் தம்பி குமாருக்கு ஆறு வருடமாக மனநோய். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடும் வேலையில் இருந்தான். மாத்திரையை நிறுத்திய ஒரே வாரத்தில் ஒரு புடவைக்கடையின் கண்ணாடியை உடைத்துவிட்டான். ரிமாண்ட். போன ஆவணியில் அவனுடைய வாய்தாவுக்காகத்தான் காஞ்சிபுரம் போனேன். இதே காரணத்துக்காகப் போகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

தாம்பரத்தில் காலை 6.10க்குப் பேருந்து. எட்டு மணிக்குக் காஞ்சிபுரம். நீதிமன்றத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"கோயிலுக்காமா?" என்றார் ஓட்டுநர். கோர்ட்டுக்கு என்றதும் வண்டியைக் கிளப்பினார்.

11.40க்குக் குமாரைக் கூப்பிட்டார்கள். மருத்துவ அறிக்கை இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப உத்தரவு கிடைத்திருக்கும். நீதிபதி அதைக் கேட்டார். இலவச சட்ட உதவி வக்கீலம்மா ஸ்டேஷன் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு கதவைப் பார்த்தார். பதினான்கு நாள் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வந்து, குமாருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டருக்குப் போன் செய்தேன். "அறிக்கை, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே கவர்ல ஸ்டேஷனுக்கு அனுப்பிட்டேனேமா!"

"ஸ்டேஷன் ரைட்டர் லீவுல இருக்காருமா. அவர் மேசையில இருக்குது போல," என்றார் ஏட்டு.

"எங்கிட்ட யாருமே சொல்லலையே," என்றார் வக்கீலம்மா.

"நீங்க மூணு பேரும் இதுக்கு முன்னாடி பேசிக்கினதே இல்லையா?"

வருடக்கணக்காக இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்க்கிறவர்கள். ஒருவரிடம் மற்றவர் எண் இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் பிடித்தேன். நான்கு நிமிடத்தில் யார் எதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவானது.

ஆனால் வாய்தாவை முன்னுக்குக் கொண்டுவரக் கேட்டு வக்கீலம்மா போட்ட மனு எடுபடவில்லை. மருந்துச் சீட்டு சிறைக்குப் போய்ச் சேர ஒன்பது நாளானது. மருந்தில்லாமல் ஏழாம் நாளே குமார் சுவரில் முகத்தை மோதிக்கொண்டிருந்தான். இடது கண் போய்விட்டது.

அடுத்த வாய்தாவில் மூவரும் அருகருகே நின்றார்கள். உத்தரவு உடனே வந்தது. "ஸாரிமா," என்றார் ஏட்டு. அவரைத் திட்டத்தான் நினைத்திருந்தேன். முடியவில்லை.

போகிறவர்களுக்கு: டாக்டர், வக்கீல், ஸ்டேஷன் மூவரின் எண்ணையும் வாங்கி, மூவரையும் ஒன்றாகப் பேசவையுங்கள். அறிக்கையின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். நான் வாய்தா அன்று காலையில்தான் போய்ச் சேர்ந்தேன். நீங்கள் முந்தின நாளே போய்விடுங்கள்.