எது அவர் வேட்டி

என் வீட்டுக்காரர் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தார். அவர் செத்ததும் பாபநாசத்தில் காரியம் செய்தோம். செத்தவர் துணியை ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரணும். நான் திரும்பிப் பார்த்தேன். வேட்டி ஒரு கல்லில் மாட்டிக் கிடந்தது. இறங்கி எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

அதற்குப் பிறகு எப்போது ஆற்றுக்குப் போனாலும் யாரோ விட்ட வேட்டி கிடக்கும். விட்டுவிட்டு வர முடியவில்லை. எடுத்து அலசிக் காயப்போட்டு மடித்து வைத்தேன். பின்னறை நிரம்பிவிட்டது.

மகளை வண்ணார்பேட்டையில் கொடுத்திருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வரணும். அதற்கு முன்னால் ஒரு நாள் வந்து அறையை எட்டிப் பார்த்தாள்.

"எம்மா, நான் எங்கன படுக்க? செத்தவங்க மேலயா?"

அவள்தான் என்னைப் பாளையங்கோட்டைக்கு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டரம்மா மேசையில் கிடந்த பழைய பேப்பரைக் காட்டி, "இதைப் போட்டுரலாமா?" என்றார். போடுங்க என்றேன். என் மடியில் இருந்த பையைக் காட்டி, "இது?" என்றார். காது அறுந்த பைதான். ஆனாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்தவங்க சாமான்னா உங்க மூளை சட்டுன்னு முடிவு சொல்லிருது. உங்களதுன்னா, ஆபத்து வந்தாப்ல கிடந்து துடிக்குது. வச்சுக்கிடுதேன்னு சொன்னாத்தான் அடங்குது."

"ஆத்துல எடுத்தது அடுத்தவங்களதுதான?" என்று மகள் கேட்டாள்.

"வீட்டுக்கு வந்துட்டா இவங்களது."

சரியாகத்தான் சொன்னார்.

பஸ்ஸில் மகள் சொன்னாள்: "அப்பா வேட்டி ஒண்ண வச்சுக்க. மத்தத ஆத்துலயே விட்டுருவோம். அறை காலியாகலன்னா எங்க அத்தை என்னை அனுப்பமாட்டா."

சரி என்றேன்.

மறுநாள் உட்கார்ந்து பிரித்தேன். எல்லாம் வெள்ளை வேட்டி. எல்லாம் ஒரே தண்ணீரில் அலசியது. மோந்து பார்த்தேன். வெயில் வாசனைதான். அவர் கட்டினது எது, தெரியவில்லை. அத்தனை வருசம் துவைத்துப் போட்ட கைக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றையும் எடுப்பேன். இதுவாக இருந்தால்? கை நின்றுபோகும். ஒன்றும் வெளியே போகவில்லை.

பிள்ளை வண்ணார்பேட்டையிலேயே பிறந்தான். போய்ப் பார்த்தேன். எங்கள் பக்கம் பிறந்த பிள்ளையைப் பழைய வேட்டியில்தான் சுற்றுவோம், மெத்தென்று இருக்கும். இவனைப் புது டவலில் சுற்றியிருந்தது.

"பழைய வேட்டி இருக்கான்னு அத்தை கேட்டா," என்றாள் மகள். "நீ ஆத்து வேட்டியக் கொண்டாந்துருவியோன்னு வேண்டாம்னுட்டேன்."

வீட்டுக்கு வந்து வேட்டிகளை எடுத்துக் கொடியில் போட்டேன். ஈரமே இல்லை. ஆனாலும் போட்டேன். காற்றில் எல்லாம் ஆடின. எது அவர் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.