நனைந்த சரக்குக்கு ஒரு வக்கீல்

வேலூர் கோர்ட்டில் எங்கள் சித்தப்பாவின் நில வழக்கை நடத்திய வக்கீல், கொலைக் கேஸும் பார்ப்பார், விவாகரத்தும் பார்ப்பார், செக் திரும்பி வந்த கேஸும் பார்ப்பார். வக்கீல் என்றால் அப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன். கப்பலில் போகும் சரக்கு நனைந்துபோனால் அதற்கென்றே ஒரு வக்கீல் உண்டு, நனைந்த அரிசி, நனைந்த காபிக்கொட்டை, நனைந்த தோல் என்று அதை மட்டுமே பார்த்துப் பிழைக்கிறவர் என்று யாராவது சொல்லியிருந்தால், காதில் பூ சுற்றாதே என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்படி ஒரு அம்மாள் சிங்கப்பூரிலிருந்து ஆம்பூருக்கே வந்து, என் எதிரில் உட்கார்ந்து, என்னைக் குடைந்து எடுத்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் நடந்தது இது.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர். தைத்து முடித்த ஷூக்களை அட்டைப் பெட்டியில் போட்டு, பெட்டிகளைக் கன்டெய்னரில் ஏற்றி, சீல் வைத்துச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்புகிற வரைக்கும் என் பொறுப்பு. ஒரு தடவை ஐரோப்பாவில் கன்டெய்னரைத் திறந்தவர்கள் போட்டோ அனுப்பினார்கள். பெட்டிகள் ஊறிப்போய் இருந்தன. ஷூக்கள் மேல் பூஞ்சை பூத்திருந்தது. கன்டெய்னரின் கூரையில் ஒரு மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை.

ஓட்டைக் கன்டெய்னரில் ஏற்றி அனுப்பியது உங்கள் தப்பு என்றார் பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர். அது வழியில் எங்கோ விழுந்த ஓட்டை, இங்கே இல்லை என்றோம் நாங்கள். எங்கள் ஆர்டரில் பாதி அந்த பையருடையது. ஒப்பந்தப்படி வழக்கு இந்தியக் கோர்ட்டுக்குப் போகாது. லண்டனில் மூன்று நடுவர்கள் உட்கார்ந்து விசாரிப்பார்கள். அதற்காக எங்கள் முதலாளி பல நாடுகளில் கிளை வைத்திருக்கிற ஒரு பெரிய வக்கீல் கம்பெனியைப் பிடித்தார்.

சரக்கு நனைந்த செய்தி வந்த அன்று ஆபீசில் கூட்டம் போட்டார்கள். மேனேஜர் மேசையைத் தட்டி, "கன்டெய்னர் செக் பண்றது யார் வேலை?" என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முதலாளி ஃபைலை மூடிவிட்டு எழுந்து போனார். அவர் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். கேஸ் தோற்றால் என் வேலை போய்விடும் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

என் மனைவி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரத்தத்தைப் பார்த்தே பதறாதவள், என் முகத்தைப் பார்த்தா பதறப்போகிறாள்?

"ஏங்க, ஓட்டை இருந்துச்சா, இல்லியா?"

"இல்ல."

"அப்றம் இன்னாத்துக்கு பயம்?"

"நான் இல்லன்னு சொன்னா இல்லன்னு ஆய்டுமா?"

அந்த மாதங்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது.

அந்தக் கம்பெனியின் சிங்கப்பூர்க் கிளையிலிருந்து வக்கீல் வருவதற்கு முன்பே மேனேஜர் எங்களைத் தயார் செய்துவிட்டார். கன்டெய்னர் புத்தம் புதுசு, அன்றைக்கு மழையே இல்லை, சூப்பர்வைசர் உள்ளே போய் மூலை மூலையாகப் பார்த்தார். இதை எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்கு வேலூர் வக்கீல் இப்படித்தான் பாடம் சொல்லிக்கொடுத்தார் என்பதால், எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. சிங்கப்பூர் அம்மாள் வந்து இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று காத்திருந்தேன்.

வந்தவர் வெள்ளைக்காரப் பெண்மணி. நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார். மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து ஒரு தமிழ் வக்கீல், சின்ன வயதுப் பெண், கூட வந்திருந்தார். எங்கள் ஊரில் விருந்தாளியை வெறும் வயிற்றோடு வேலை செய்ய விடுவோமா? முதலில் பிரியாணி. அம்மாள் சாப்பிட்டார், கண்ணில் தண்ணீர் வந்தது, மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் தட்டில் வைத்தது வைத்தபடியே இருந்தது.

பிறகு முதலாளியின் அறையில் விசாரணை ஆரம்பித்தது. அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார். முதலாளி பதில் சொன்னார். அடுத்த கேள்வியையும் என்னிடம்தான் கேட்டார். மேனேஜர் பதில் சொன்னார். மூன்றாவதற்கு, டீ கொண்டுவந்தவர் சொன்னார். ஒருவரைக் கேட்டால் அறையில் இருக்கிற எல்லோரும் பதில் சொல்வதுதான் எங்கள் ஊர் மரியாதை. அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, சென்னை வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "சாரைத் தவிர மத்தவங்க எல்லாரும் கொஞ்சம் வெளிய இருக்கணுமாம்" என்றார்.

முதலாளியை அவர் அறையிலிருந்தே வெளியே அனுப்பிய ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நானுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டே டீ குடிப்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"நான் இன்னா சொல்லணும்னு சொல்லிக் கொடுங்க" என்றேன் நான். அதை மொழிபெயர்த்ததும் அம்மாள் சிரித்தார். அவர்கள் தொழிலில் அது கூடவே கூடாதாம். சாட்சி என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீல் சொல்லிக்கொடுத்தால் வக்கீல் வேலையே போய்விடுமாம். நல்ல கம்பெனி பிடித்தார் முதலாளி என்று மனதுக்குள் திட்டினேன்.

சரி என்று மேனேஜர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். மழை இல்லை என்றேன். "உங்களுக்கே ஞாபகம் இருக்கிறதா?" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன். எழுதியதைப் பேனாவால் கோடு போட்டு அடித்தார். கன்டெய்னர் புத்தம் புதுசு என்றேன். "எப்படித் தெரியும்?" என்றார். பார்க்கப் புதுசாக இருந்தது என்றேன். அதையும் அடித்தார். ஒரு பக்கம் முழுக்கக் கோடு விழுந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாத்தையும் அடிச்சிட்டா மிச்சம் இன்னா இருக்கு?"

"நீங்க கண்ணால பார்த்தது மட்டும் மிச்சம் இருக்குமாம் சார்" என்றார் சென்னை வக்கீல்.

அதற்குப் பிறகு அம்மாள் கேட்ட ஒரு கேள்வியில்தான் அவர் தொழில் எனக்குப் புரிந்தது. கன்டெய்னரைச் சோதிக்க ஒரு வழி உண்டு. காலிக் கன்டெய்னருக்குள் ஆள் நுழைந்து, கதவை வெளியிலிருந்து மூடச் சொல்வார். எங்காவது ஓட்டை இருந்தால் அந்த இருட்டில் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். நானும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் அதைச் செய்கிறவன்தான். "எவ்வளவு நேரம் நிற்பீர்கள்?" என்றார். "கொஞ்ச நேரம்" என்றேன். அம்மாளின் முகம் வாடிவிட்டது. எல்லா ஊரிலும் எல்லோரும் இதே பதில்தான் சொல்கிறார்களாம். வெயிலிலிருந்து உள்ளே போன கண் இருட்டுக்குப் பழக நேரம் ஆகும். அதற்குள் கதவைத் திறந்துவிட்டால் சின்ன ஓட்டை தெரியாமலே போகலாம். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இடத்தில்தான் பிடிப்பாராம், அம்மாள் பார்த்த கேஸ்களில் பாதி அங்கேதான் தோற்றதாம்.

"அன்றைக்கும் கொஞ்ச நேரம்தானா?"

ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிறவன் என்று பெயர் வாங்கிய நான், வாயை மூடியது அன்றைக்குத்தான். அந்த நாளைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை என்று இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே முதலாளி இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளே இருந்திருந்தால் நிச்சயம் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தக் கன்டெய்னரை ஏற்றிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நான் காலிக் கன்டெய்னருக்குள் போனேன். ஏற்றுகிற ஆட்கள் இரண்டு பேர், மாமன் மச்சான்கள், வெளியே கதவை மூடித் தாழ் போட்டார்கள். அந்த நேரம் பார்த்து பள்ளிவாசலிலிருந்து ஜும்மா தொழுகைக்குப் பாங்குச் சத்தம் கேட்டது. மச்சான் திறப்பான் என்று மாமனும், மாமன் திறப்பார் என்று மச்சானும் கை கால் கழுவ ஓடிவிட்டார்கள். லாரி டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். கரண்ட் இல்லாததால் கேட் பக்கம் ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்தது, வாட்ச்மேனுக்கு ஒன்றும் கேட்காது. தொழுகை முழுசாக முடிந்து, மாமன் மச்சான்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, "அண்ணா எங்க?" என்று கேட்கிற வரைக்கும் நான் உள்ளேதான் இருந்தேன். கதவைத் திறந்தபோது குளித்துவிட்டு வந்தவன் மாதிரி வேர்வையில் நின்றேன். தெரிந்த வசவையெல்லாம் திட்டித் தீர்த்தேன். இருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, முதலாளி பாய்க்குத் தெரிஞ்சா வேலை போய்டும்ணா" என்று அழுதார்கள். சொல்ல மாட்டேன் என்றேன். மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து அதே கன்டெய்னரில் சரக்கு ஏற்றினோம்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் சென்னை வக்கீல் மொழிபெயர்க்க மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். இத்தனை வருடத்தில் அவ்வளவு நேரம் உள்ளே நின்ற சாட்சி யாரும் அவருக்குக் கிடைத்ததில்லையாம். கன்டெய்னரின் மேல்பக்கம் மறைவான சின்னக் காற்றுவழிகள் உண்டு, அவற்றில் வெளிச்சம் வராது, காற்று வரும், அதனால் ஒன்றும் ஆகியிருக்காது என்றும் சொன்னார். அதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா!

அம்மாள் எழுதிக்கொண்ட என் வாக்குமூலத்தை முதலாளி படிக்காமல் இருக்க முடியாது. அவர் படித்துக்கொண்டிருந்தபோது மாமன் மச்சான்கள் வாசலில் தலைகுனிந்து நின்றார்கள். அவர்களை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை, வாக்கை மீறியவன் நான்தானே. முதலாளி கண்ணாடியைக் கழற்றி அவர்களை மேலும் கீழும் பார்த்தார். "ஜும்மாவுக்குப் போனவன நான் எப்டிப்பா திட்றது?" என்று என்னிடம் கேட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வரும்வரை நிறுத்தவில்லை. எனக்கு அங்கேயே பாதி உயிர் திரும்பி வந்தது.

மீதிப் பாதி வர லண்டன் நடுவர்களின் விசாரணை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னையில் ஒரு ஹோட்டல் அறையில் டிவி மாதிரி ஒரு பெட்டி. அதில் லண்டனில் உட்கார்ந்திருந்த நடுவர்கள் தெரிந்தார்கள். பைபிளில் கை வைத்து உண்மை சொல்கிறேன் என்றேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, வாய் ஜாஸ்தி வேணாம்" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். நான் உள்ளே மாட்டிக்கொண்டதை அவர் மறுக்கவே இல்லை. "இருட்டில் பூட்டப்பட்டவர் பயந்துபோய் இருந்திருப்பார், இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். "அந்தப் பயத்தில் நீங்கள் கன்டெய்னரைச் சோதித்துக்கொண்டிருக்கவில்லை, இல்லையா?"

மனைவி சொன்னது மறந்துவிட்டது.

"இல்லிங்க, செக் பண்ணல. மூச்சு முட்டி செத்துடுவேன்னு நெனச்சேன். காத்து வர ஒரு ஓட்டை இருக்காதான்னு தேடினேன். கூரைல ஒரு எடம் விடாம பார்த்தேன். ஆண்டவரே ஒரே ஒரு ஓட்டை காட்டும்னு கெஞ்சினேன். ஒரு ஊசிமுனை வெளிச்சம்கூட கெடைக்கல."

என் பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் அந்தப் பெட்டியில் யாரும் அசையவில்லை, படம் நின்றுவிட்டதோ என்று பயந்தேன். நடு இருக்கையில் இருந்த நடுவர் தலையைக் குனிந்து எதையோ எழுதினார். எதிர்த்தரப்பு வக்கீல், இனிக் கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு வர மாதங்கள் ஆயின. வந்த அன்று மேனேஜரே என் இடத்துக்கு நடந்து வந்து, ஜெயிச்சாச்சு என்று கை கொடுத்தார். அப்பாடா என்று பெட்டிகள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. அன்று மத்தியானம் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன்.

மறுநாளே அடுத்த கன்டெய்னர் வந்து நின்றது. வழக்கமான வேலைதான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஒவ்வொரு தடவையும் செய்வது போல, உள்ளே காலை வைக்கும்போது திரும்பித் தாழைப் பார்த்தேன். இந்தத் தடவை மாமன் மச்சான்கள் அதைக் கவனித்துவிட்டார்கள். கதவு மூடியது, தாழ் விழுந்தது. உடனே வெளியிலிருந்து டொக் டொக் என்று தட்டுகிற சத்தம்.

"அண்ணா, இங்கதான் இருக்கோம்ணா!"

"டேய், பேஜார் பண்ணாதீங்கடா, இருட்டு பழகணும்."

"இருட்டு கண்ணுக்குத்தானே வேணும், காதுக்கு இன்னாத்துக்கு?" என்றான் மச்சான். தட்டுவதை இருவரும் நிறுத்தவே இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, கண் நன்றாகப் பழகுகிற வரைக்கும், கூரையை மூலை மூலையாகப் பார்த்து முடித்தேன்.